ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: முதல் ஆறு மாதம் பற்றி ஜூனியர்கள் கேட்கும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. விசா கையில் வந்த ஜூனியர்கள், அவர்களின் அம்மாக்கள், ஒருமுறை ஒரு பையனின் தாய்மாமா. எல்லோருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

தென்மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஜெர்மனி வந்தவன் நான். இரண்டு வருடப் படிப்பை இரண்டரை வருடத்தில் முடித்தேன். அந்த அரை வருடம் ஏன் கூடியது என்பதும் கீழே வரும். தொகைகளெல்லாம் 2025 நிலவரம்.

நம் கல்லூரிக்கும் அங்கே இருப்பதற்கும் முதலில் கண்ணில் படும் வித்தியாசம் என்ன?

யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். அவ்வளவுதான்.

நம் ஊரில் 75 சதவீத அட்டென்டன்ஸ் குறைந்தால் வீட்டுக்குப் போன் போகும். இன்டர்னல் மார்க் குறைந்தால் ஹெச்.ஓ.டி. அறைக்கு வெளியே நிற்க வைப்பார்கள். அதை நாலு வருடமும் திட்டிக்கொண்டே இருந்தோம், சரி. ஆனால் நம்மைப் படிக்க வைத்ததே அந்தக் கெடுபிடிதான் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இங்கே விரிவுரைக்கு வருகைப்பதிவு பெரும்பாலும் கிடையாது. லேப், செமினார் போன்றவற்றில் மட்டும் வந்தாக வேண்டும். இன்டர்னல் மார்க் இல்லை. பல பாடங்களில் செமஸ்டர் கடைசியில் ஒரே ஒரு தேர்வு, முழு மதிப்பெண்ணும் அதற்கே.

அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கும். திங்கள் காலை எட்டு மணி வகுப்பை நான் மூன்றாம் வாரமே விட்டுவிட்டேன். ஸ்லைடுகள் இணையத்தில் இருக்கின்றனவே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஜனவரியில் திறந்து பார்த்தேன். ஒரு ஸ்லைடில் ஒரு படமும் மூன்று வார்த்தையும் இருந்தன. மீதி எல்லாம் அவர் வாயால் சொன்னது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். மாஸ்டர்ஸ் படிப்புக்கு 120 கிரெடிட், செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது ஐரோப்பிய விதி. 30 என்றே வைத்தால் ஒரு செமஸ்டருக்கு 900 மணி நேரம். வாரம் இருபது மணி நேர வகுப்பு, பதினைந்து வாரம் என்று பெருக்கினால் 300தான் வருகிறது. மீதி 600 மணி நேரம் எங்கே? உங்கள் அறையில், நூலகத்தில். அதற்கு டைம்டேபிள் யாரும் ஒட்டித் தர மாட்டார்கள். ‘வாரத்துக்கு நாலு நாள்தான் கிளாஸ், ஜாலி’ என்று அக்டோபரில் ஸ்டேட்டஸ் போடும் ஜூனியர்களைப் பார்த்தால் எனக்கு அந்த 600தான் ஞாபகம் வரும்.

அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயப்படுவேன்.

எழுதலாம், ஆனால் எண்ணி எழுத வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிதான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது தடவையும் போய்விட்டால் ‘இறுதியாகத் தேர்ச்சி பெறவில்லை’ என்று எழுதி, படிப்பிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு இடத்தில் தொடர்வதும் அநேகமாக முடியாது. படிப்புக்காகத்தான் விசா என்பதால் அதுவும் ஆட்டம் காணும். பதினெட்டு அரியர் வைத்து, கடைசியில் ஒரே மூச்சில் கிளியர் செய்த அண்ணன்களின் வீரக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதை இங்கே செல்லாது.

முயற்சிகளின் எண்ணிக்கை, நடுவில் விலகும் வழி, இத்தனை செமஸ்டருக்குள் இத்தனை கிரெடிட் என்ற நிபந்தனை எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் படிப்புக்கென்று ‘ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்’ என்ற தேர்வு விதி ஆவணம் இருக்கும். வந்த முதல் வாரமே அதைப் படித்துவிடுங்கள். ஜெர்மனில்தான் இருக்கும், மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது படியுங்கள். சீனியர் சொன்னார் என்று என்னை நம்பாதீர்கள்.

இன்னொன்று. தேர்வுக்கு நீங்களேதான் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஃபீஸ் கட்டினால் ஹால் டிக்கெட் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். என் அறைத்தோழன் ஒரு பாடத்துக்கு ஆறு வாரம் விழுந்து விழுந்து படித்தான். தேர்வறையில் பட்டியலில் அவன் பெயர் இல்லை. பதிவுக் கெடு டிசம்பரிலேயே முடிந்திருந்தது. எனக்குக் கூடிய அரை வருடமும் இப்படி ஒரு கெடுவைத் தவறவிட்டதால் வந்ததுதான். அந்தத் தேர்வு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும்.

பரீட்சையில் 1.7 வாங்கினேன் என்றதும் அப்பா பதறிவிட்டார். என்ன சொல்வது?

இனிப்பு வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். இங்கே 1.0தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நம் சி.ஜி.பி.ஏ.வை இதற்கு மாற்றவும் ஒரு சூத்திரம் உண்டு: அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 8.2, தேர்ச்சிக்கு 5 என்றால் 2.08 வரும். அங்கே 8.2 வாங்கியவர் இங்கே முதல் செமஸ்டரில் 3.0 வாங்குவது சர்வசாதாரணம். இடிந்துபோக வேண்டாம்.

பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது? ‘சார்’ என்று கூப்பிடலாமா?

வேண்டாம். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடியும் மின்னஞ்சலை இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் நடுவில் என்ன கேட்டிருக்கிறீர்கள் என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடாது. பட்டத்தோடு குடும்பப் பெயர், எந்தப் பாடம், கேள்வி என்ன, அவ்வளவு போதும். ஆங்கிலத்தில் என்றால் ‘டியர் புரொஃபசர்’ போட்டுக் குடும்பப் பெயர். ஜெர்மனில் பேசினால் ‘ஸீ’ என்ற மரியாதைச் சொல். அது நம் ‘நீங்கள்’ மாதிரி. ‘டூ’ என்பது ‘நீ’. நமக்கு இந்த வித்தியாசம் பிறப்பிலேயே தெரியும் என்பதால், ஜெர்மன் வகுப்பில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தடுமாறும் இடத்தில் நாம் தாண்டிப் போய்விடுவோம்.

பேராசிரியர்களுக்கு வாரத்தில் ‘ஷ்ப்ரெக்ஷ்டுண்டே’ என்று சந்திப்பு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். நான் முதல் வருடம் முழுக்க ஒருமுறைகூடப் போகவில்லை. நம் ஊரில் ஆசிரியர் அறைக்குப் போனாலே ஏதோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம் இல்லையா, அந்தப் பயம். மூன்றாவது செமஸ்டரில் வேறு வழியில்லாமல் போனேன். ‘எனக்கு இந்த இடம் புரியவில்லை’ என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து இருபது நிமிடம் வரைந்து காட்டினார். கடைசியில், ‘ஏன் நவம்பரிலேயே வரவில்லை?’ என்று கேட்டார். கோபமாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள.

புரியவில்லை என்று சொல்வது இங்கே குறை அல்ல. புரிந்த மாதிரித் தலையாட்டுவதுதான் குறை. நம் தலையாட்டல் இவர்களுக்கு வேறு குழப்பம்: பக்கவாட்டில் ஆட்டினால் ‘ஆமாம்’ என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

அட்டவணையில் ‘10 c.t.’ (சே.டே.) என்று போட்டிருந்தால் வகுப்பு 10.15க்குத்தான். லத்தீன் சொற்களின் சுருக்கம் அது. பழைய வழக்கத்தில் கால்மணி நேரச் சலுகை. ‘s.t.’ (எஸ்.டே.) என்றால் மணி அடித்தாற்போல். விரிவுரை முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். கலாட்டா என்று மிரள வேண்டாம், அது கைதட்டல்.

பழைய கொஸ்டின் பேப்பர் கிடைக்குமா?

கிடைக்கும். ஒவ்வொரு துறைக்கும் ‘ஃபாக்‌ஷாஃப்ட்’ என்று மாணவர் குழு உண்டு. பல இடங்களில் அவர்களே பழைய வினாத்தாள்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். முதல் வார அறிமுக நிகழ்ச்சிகளை நடத்துவதும் அவர்கள்தான். போங்கள். பீர் கொடுக்கிறார்களே என்று தயங்க வேண்டாம், ஆப்பிள் ஜூஸும் வைத்திருப்பார்கள். அங்கே கிடைக்கிற இரண்டு நண்பர்கள் வருடக் கடைசி வரை உதவுவார்கள்.

அசைன்மென்டை சீனியரிடம் வாங்கி மாற்றி எழுதலாமா?

கூடாது. மாட்டினால் அந்தப் பாடம் போகும், சில இடங்களில் அதற்கு மேலும் போகும்.

வகுப்பு ஆங்கிலத்தில்தானே? ஜெர்மன் எதற்கு?

வகுப்புக்குத் தேவையில்லை. அறை வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம், வெளிநாட்டவர் அலுவலகம், பல் டாக்டர், பார்ட் டைம் வேலை, கடைசியில் முழுநேர வேலை எல்லாவற்றுக்கும் தேவை. ‘வந்து கற்றுக்கொள்கிறேன்’ என்று வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் கற்றுக்கொள்வதில்லை, படிப்பு விழுங்கிவிடும். ஏ2 நிலையாவது (ஆறு மொழி நிலைகளில் இரண்டாவது) ஊரிலேயே முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். சென்னையில் மேக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன் வகுப்பு இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் செமஸ்டருக்கு இடையே மொழி வகுப்பும் நடத்துகின்றன, இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ. இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

வந்த முதல் இரண்டு வாரத்தில் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் ‘ஆன்மெல்டுங்’. நீங்கள் குடியேறிய முகவரியை ஊர் அலுவலகத்தில் பதிவது. குடியேறி இரண்டு வாரத்துக்குள் என்று விதி. அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அதனால்தான் ‘ஒரு மாதம் யாராவது அண்ணன் அறையில் ஒட்டிக்கொள்கிறேன்’ என்ற திட்டம் சிக்கலாகிறது. அறை இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் வரி எண், விசா நீட்டிப்பு எல்லாம் வரிசையாக நிற்கும். மாணவர் விடுதிக்கு ‘ஷ்டூடியரெண்டன்வெர்க்’ என்ற அமைப்பிடம் அட்மிஷன் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். பெரிய ஊர்களில் காத்திருப்பு மாதக்கணக்கில் போகும். அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பச் சொல்லும் ‘வெளியூரில் இருக்கும் உரிமையாளர்’ யாரையும் நம்ப வேண்டாம். இதில் பணம் இழந்த மூன்று பேரை எனக்கே தெரியும்.

அப்புறம், தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். சிரிக்காதீர்கள். இங்கே வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கி ரகசிய எண் எல்லாம் தபாலில்தான் வரும். தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்ப்பார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். எனக்கு வந்த முதல் இரண்டு கடிதங்கள் அப்படித்தான் போயின. ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் படியுங்கள். ஒலிபரப்புக் கட்டணம் என்று ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். ‘என்னிடம் டிவியே இல்லை’ என்று கிழித்துப் போட்டால் அபராதத்தோடு திரும்ப வரும். பகிர்ந்து வாழும் வீடென்றால் மொத்த வீட்டுக்கும் ஒன்று கட்டினால் போதும்.

மாதம் 992 யூரோ போதுமா?

விசாவுக்காக முடக்குக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிய வங்கிக் கணக்கு) போடும் 11,904 யூரோவைப் பன்னிரண்டாகப் பிரித்தால் வருவதுதான் இந்த 992. கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் போன்ற கிழக்குப் பகுதி ஊர்களில் விடுதி அறை கிடைத்தால் மிச்சமே பிடிக்கலாம். மியூனிக்கில் தனியார் அறை என்றால் வாடகையே பெரும்பகுதியைத் தின்றுவிடும். அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 140 யூரோவுக்கு மேல் தனியாகப் போகும். அந்த மாணவர் கட்டணம் 30 வயது வரைதான், நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் கவனிக்க.

அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது பொதுவாகச் சரி. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் மாஸ்டர்ஸுக்கு அவர்களிடம் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது.

முதல் மாதம் எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பீர்கள். ‘ஒரு காபி முந்நூறு ரூபாயா!’ பெருக்குங்கள், தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் குளிர் ஜாக்கெட்டை விட்டுவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு ‘மென்சா’ என்ற பல்கலைக்கழக உணவகம் மலிவு. சைவம் எப்போதும் இருக்கும். உப்பும் காரமும் இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

பார்ட் டைம் வேலைக்கு எப்போது போகலாம்?

சட்டப்படி 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே செய்யும் உதவியாளர் வேலை, ‘ஹிவி’ என்பார்கள், இந்தக் கணக்கில் சேராது. என் கருத்து: முதல் செமஸ்டரில் போகாதீர்கள். வீட்டில் கடன் வாங்கி அனுப்பியிருப்பார்கள், எனக்கும் அப்படித்தான். கிடங்கில் இரவு வேலை பார்த்து மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று யூரோ சம்பாதித்த கையோடு காலை வகுப்பில் தூங்கியவர்கள், கூடுதலாக ஒரு செமஸ்டர் இருந்து சம்பாதித்ததைவிட அதிகமாகச் செலவழித்தார்கள். இரண்டாம் செமஸ்டரில் ஹிவி வேலை தேடுங்கள். நல்ல மதிப்பெண் எடுத்த பாடத்தின் பேராசிரியரிடமே கேளுங்கள். அறிவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விடுதியில் நம் சமையல் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் கூரையில் புகை உணரி இருக்கும். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கமறும் அந்தப் புனிதமான நேரத்தில் அது அலறும். எங்கள் விடுதியில் ஒருவன் போட்ட ரசத் தாளிப்புக்குத் தீயணைப்பு வண்டியே வந்தது. நாலு மாடி ஆட்களும் டிசம்பர் குளிரில் செருப்போடு வெளியே நின்றோம். ரசம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலைத் திற, சமையலறைக் கதவைச் சாத்து, அடுப்பைக் குறை, அப்புறம் தாளி.

இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம். குக்கர் விசிலும் சத்தம்தான், சட்டினி மிக்ஸியும் சத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அப்படித்தான், கடைகளும் அடைத்திருக்கும். ஞாயிறு ஓய்வு இங்கே அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919 வைமார் சட்டத்தின் வரியை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலைக்குள் பால், வெங்காயம் வாங்கிவிடுங்கள்.

பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும்.

நம்ம ஆட்களோடு மட்டும் தங்கினால் என்ன தப்பு?

தப்பில்லை. முதல் மாதம் அவர்கள் இல்லையென்றால் நான் ஊருக்கே திரும்பியிருப்பேன். ஆனால் எங்கள் அறையில் நாலு பேரும் ஒரே பாடத்தில் ஒரே இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம், யாருக்கும் தெரியவில்லை. படிப்புக் குழுவை மட்டும் கலவையாக வையுங்கள். 2023-24இல் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் 49,000க்கும் மேல், வெளிநாட்டு மாணவர்களில் அதுதான் முதலிடம். அதனால் தேடாமலே நம் ஆட்கள் கிடைப்பார்கள். மற்றவர்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

போருக்குத் தப்பி இங்கே வந்த ஈழத் தமிழர்கள் இரண்டு தலைமுறையாக வாழ்கிறார்கள். முருங்கைக்காயும் இட்லி அரிசியும் கிடைக்கும் கடைகள் அநேகமாக அவர்களுடையவை. ஹம் நகரத்தில் அவர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோவிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது, கோடையில் தேர் ஓடும். அவர்களின் கடை ஒன்றுக்கு முதல் தடவை போனபோது கல்லாவில் இருந்த ஒரு அக்கா என் பேச்சைக் கேட்டு, ‘தம்பி இந்தியாவோ? சாப்பிட்டனீங்களோ?’ என்று கேட்டார். அன்றைக்கு வேறு யாரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

நவம்பர் வந்ததும் ஒன்றும் பிடிக்கவில்லை. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் அல்ல. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைப்பார்கள், திடீரென்று மாலையே காணாமல் போகும். டிசம்பரில் பெர்லினில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், காலை எட்டுக்குப் பிறகுதான் எட்டிப் பார்க்கும். இந்தியாவுடன் நேர வித்தியாசமும் மூன்றரையிலிருந்து நாலரை மணியாகும். நீங்கள் வகுப்பு முடிந்து வந்து பேசலாம் என்று நினைக்கும்போது அம்மா தூங்கப் போயிருப்பார். தீபாவளியும் அந்த நேரத்தில்தான் வரும், அன்றைக்கும் வகுப்பு இருக்கும்.

நான் செய்தது, கொஞ்சம் தாமதமாகத்தான்: அறையில் படிப்பதை விட்டு நூலகத்துக்குப் போனேன். மதியம் வெளிச்சம் இருக்கும்போது அரைமணி நடந்தேன். ஊர் நேரப்படி அவர்கள் இரவுச் சாப்பாட்டின்போது, எனக்கு மாலை நாலு மணிக்கு, பத்து நிமிடம் பேசினேன். ‘எல்லாம் நல்லா போகுதும்மா’ என்று தினமும் பொய் சொல்வதை நிறுத்தி, ‘கணக்குப் பாடம் கஷ்டமா இருக்கு’ என்றேன். அம்மா, ‘உனக்கு எப்பவும் அது கஷ்டம்தானே’ என்றார். அவ்வளவு லேசாகிவிட்டது.

அதற்கும் சரியாகவில்லை, தூக்கம் போகிறது, எழுந்திருக்கவே முடியவில்லை என்றால் மனநல ஆலோசனைக்குப் போங்கள். பல்கலைக்கழகங்களிலும் ஷ்டூடியரெண்டன்வெர்க்கிலும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம். விஷயம் வெளியே போகாது. மதிப்பெண்ணுக்கும் விசாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காத்திருப்பு இருக்கலாம் என்பதால் முற்றும் வரை பொறுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரவிலும் விடுமுறையிலும் டாக்டர் வேண்டும் என்றால் 116117.

சூட்கேஸில் கட்டாயம் என்ன வைக்க வேண்டும்?

சான்றிதழ்களின் அசல், கைப்பையில். அதற்கு மேல் இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ, ஒரு சின்ன குக்கர், வீட்டு மிளகாய்த்தூள், நீங்கள் தினமும் சாப்பிடும் மருந்து இருந்தால் டாக்டர் சீட்டோடு. அரிசி வேண்டாம், இங்கே கிடைக்கும். கனமான குளிர் ஜாக்கெட்டும் ஊரில் வாங்க வேண்டாம். இந்த ஊர்க் குளிருக்குத் தைத்தது இங்கேதான் கிடைக்கும். பழைய துணிச் சந்தைகளில் பாதி விலைக்கும் கிடைக்கும். என்னுடையதை அப்படி 20 யூரோவுக்கு வாங்கினேன், இன்னும் அதைத்தான் போடுகிறேன்.